சாக்லெட் சீன் இன்னும் இருக்கே, எப்படி?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பேப்பர்ல அந்தக் கால அமெரிக்க டிவி காமெடி நடிகை லூசில் பால் பத்தி வந்தத பசியாறிக்கிட்டே படிச்சேன், நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா முழிய உருட்டுறாங்க சேட்டை பண்றாங்கன்னு அதோட முடிச்சிட்டாங்க.

எங்கம்மா பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில 20 வருஷம் லைன்ல நின்னவங்க, இங்கிலீஷ் அவ்வளவா வராது. தங்கச்சி ஹேண்ட்போன்ல லூசில் பால் நடிச்ச 'ஐ லவ் லூசி' காமெடி நாடகத்துல வர்ற அந்த 1952 சாக்லெட் சீன போட்டுக் காட்டினா. பெல்ட்ல வர்ற சாக்லெட்டுக்கு ஒண்ணு விடாம தாள் சுத்தணும், ஒண்ணு தப்பினாலும் வேலை காலி. பெல்ட் வேகம் எடுக்க எடுக்க லூசி வாயில திணிக்கிறா, தொப்பியில ஒளிக்கிறா, சட்டைக்குள்ள போடுறா. சூப்பர்வைசர் வந்து பார்த்தா பெல்ட் சுத்தமா இருக்கு, அட நல்லா செய்றீங்களேன்னு இன்னும் வேகமா விடச் சொல்றா! அம்மாவுக்கு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி. "டார்கெட் முடிச்சா மறுநாளே டார்கெட்ட ஏத்துவாங்கடா, இதேதான்"னாங்க.

அம்மா இத இன்னைக்குப் பார்க்க முடியுதுன்னா அது லூசியும் புருஷன் டெசி ஆர்னாஸும் புடிச்ச பிடிவாதத்தாலதான். 1951ல 'ஐ லவ் லூசி' ஆரம்பிக்கிறப்போ நிறைய நிகழ்ச்சி நியூயார்க்ல நேரடியா ஓடும், தூரத்து ஊருக்கெல்லாம் டிவி திரையவே படம் புடிச்ச மங்கலான காப்பிதான் போகும். இவங்க ஹாலிவுட்ட விட்டு வரமாட்டோம், சினிமா பிலிம்லதான் எடுப்போம்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. செலவு கூடுதேன்னதும் சம்பளத்த கொறச்சுக்கிட்டாங்க, ஆனா பிலிம் எங்களுக்கே சொந்தம்னு வாங்கிக்கிட்டாங்க. மறுபடி மறுபடி போட்டே காசு பார்க்கலாம்னு சேனல்காரங்களுக்கு அப்போ தோணல பாவம். சில வருஷத்துல ஆர்கேஓங்கிற ஹாலிவுட் சினிமா ஸ்டுடியோவையே வாங்கிட்டாங்க, ஒரு காலத்துல லூசி அங்க கான்ட்ராக்ட் நடிகை! விவாகரத்துக்கு அப்புறம் 1962ல, ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தின கம்பெனியில டெசியோட பங்கையும் வாங்கி அந்தம்மாவே முதலாளி. ஸ்டார் ட்ரெக்ங்கிற விண்வெளி நாடகம் கூட அவங்க கம்பெனியில எடுத்ததுதான்.

இத ஏன் சொல்றேன்னா, சின்ன வயசுல நம்ம உள்ளூர் டிவியில ஒரு தமிழ் காமெடி நாடகம் பார்ப்போம், எஸ்டேட் மாமியாரா ஒரு அக்கா வருவாங்க, வெத்தலைய மென்னுக்கிட்டே மருமகள ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க, வீடே சிரிக்கும். பேரு ஞாபகமில்ல, இன்டர்நெட்ல தேடாத இடமில்ல, ஒரு சீன் கூட கிடைக்கல. வாசகர்கள் யார் வீட்டு அலமாரியிலயாவது பழைய விடியோ டேப் கிடக்குதான்னு உங்க பேப்பர்ல ரெண்டு வரி போட்டுக் கேளுங்களேன் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு