சார்ட் (sort) என்றால் வரிசை மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் மாணவர்களுக்கான ஆங்கிலச் சொல் பகுதியைப் படித்தேன். சார்ட், க்ரூப், கிளாஸ், கேட்டகிரி, கிரேடு எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு, எதிரே ‘வகைப்படுத்துதல், வரிசைப்படுத்துதல்’ என்று முடித்துவிட்டிருந்தீர்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ரயில்வே அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தொரு வருஷம் சார்ட்டிங் அசிஸ்டென்டாக இருந்தவன் நான். அந்த முதல் சொல்தான் எனக்குச் சோறு போட்டது.

எங்கள் வேலை இதுதான். எதிரே மரச்சட்டத்தில் சின்னச் சின்ன அறைகள் இருக்கும், பார்த்தால் புறாக்கூடு மாதிரி, ஆங்கிலத்திலும் பிஜியன்ஹோல் என்றே பெயர். இடது கையில் ஒரு கட்டுக் கடிதம் இருக்கும், பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள வலது கை அதை வாங்கி, பின்கோடைப் பார்த்து, உரிய அறையில் போட்டுக்கொண்டே இருக்கும். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. அதன் ஆறு இலக்கத்தில் முதல் மூன்றுதான் எங்களுக்கு உயிர். 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். 620 என்றால் திருச்சி, 625 என்றால் மதுரை. அந்த மூன்றாவது இலக்கம் காட்டும் பகுதிக்குத் துறை வைத்த பெயரே சார்ட்டிங் டிஸ்ட்ரிக்ட். சரி, 625 அறையில் நூறு கடிதம் கிடக்கிறது என்று வையுங்கள். அதில் எது முன்னே, எது பின்னே என்ற பேச்சே கிடையாது. பிரித்துப் போட்டாயிற்று, அவ்வளவுதான் சார்ட்.

இதை என் பேத்தியிடம் சொன்னால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எக்ஸெலைத் திறந்து சார்ட்டை அழுத்திக் காட்டினாள், பெயரெல்லாம் ஏ முதல் இசட் வரை வரிசையாக வந்து நின்றன. அவள் சொன்னதும் சரிதான். கம்ப்யூட்டருக்கு முன்னால், எண்களைத் துளைகளாகப் பதிந்துவைத்த அட்டைகளின் காலம் ஒன்று இருந்தது. சார்ட்டர் என்ற இயந்திரம் அட்டையில் ஒரு நெடுவரிசையில் உள்ள இலக்கத்தைப் பார்த்து, அதற்கான தட்டில் அதைத் தள்ளும், கிட்டத்தட்ட நாங்கள் செய்த வேலைதான். ஆனால் முதலில் எண்ணின் ஒன்றுகள் இடத்து இலக்கத்தைப் பார்த்துப் பிரித்து, தட்டுகளில் விழுந்ததை அதே வரிசையில் எடுத்து அடுக்கி, பிறகு பத்துகள் இடம், அப்புறம் நூறுகள் இடம் என்று ஓட்டினால் கடைசியில் மொத்தக் கட்டும் எண் வரிசையில் வந்துவிடும். பிரித்துப் பிரித்தே வரிசை பிறந்தது. பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டன.

இந்த ஐந்து சொல்லும் ஐந்து விதமான வேலை. மண்டியில் தக்காளியை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறார்களே, அது கிரேடு. லத்தீனில் படி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, அதனால்தான் அதில் மேல் கீழ் உண்டு. சார்ட்டில் அது இல்லை, மதுரைக் கடிதம் திருச்சிக் கடிதத்துக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கிளாஸ் பழைய ரோமில் குடிமக்களைச் சொத்தை வைத்துப் பிரித்த பிரிவின் பெயர், பள்ளி வகுப்புக்கெல்லாம் அது பிறகுதான் வந்தது. நாமும் வகு என்ற வினையிலிருந்து வகுப்பு என்று எடுத்து, அதைப் பள்ளிக்கும் சொன்னோம், சமூகத்துக்கும் சொன்னோம். கட்டுரையில் இல்லாவிட்டாலும் பேட்ச் எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ரொட்டி சுடுவதிலிருந்து வந்தது, ஒரு தடவையில் அடுப்பிலிருந்து இறங்கும் ரொட்டி மொத்தமும் ஒரு பேட்ச். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களை ‘நம்ம பேட்ச்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம், ஒன்றாக வெந்தவர்கள்தானே.

இது சொல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். காகம், கல், வேப்பமரம், ஆணி, எறும்பு, மேசை ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கொடுத்து, இரண்டு க்ரூப்பாக சார்ட் செய்யச் சொல்லியிருந்தார்கள். உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிக்க வேண்டும். இவனோ ஆறையும் அகரவரிசையில் அழகாக எழுதி, மூன்றாவதுக்குக் கீழே ஒரு கோடு போட்டு இரண்டாக்கியிருந்தான். மதிப்பெண் சுழி. உயிருள்ளது எது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், வாயால் கேட்டபோது டக்கென்று சொன்னான். சார்ட் என்றால் வரிசைப்படுத்து என்றுதான் அவன் படித்திருக்கிறான்.

அந்தப் பகுதியைத் தயவுசெய்து திருத்தி மறுபடி போடுங்கள். சார்ட்டுக்குப் பிரி என்பதை முதலிலும், கம்ப்யூட்டரில் வரும்போது வரிசைப்படுத்து என்பதை அடுத்தும் போடலாம். க்ரூப்புக்குச் சேர், கிரேடுக்குத் தரம் பிரி, புதிதாக அரேஞ்சையும் சேர்த்து, அதற்கு அடுக்கு. கேட்டகிரிக்கு மட்டும் வகை என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் நடக்கிற ஒரு வேலையை உதாரணமாகக் கொடுத்தால் போதும். துவைத்த துணியை ஆள்வாரியாகப் பிரிப்பது சார்ட், மடித்து அலமாரியில் வைப்பது அரேஞ்ச். இதழ் வந்ததும் அந்தப் பையனுக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ட்டிங் அசிஸ்டென்ட் ஒருவர்,
திருச்சி