ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு

அன்பு மகளுக்கு,

"குழந்தை ஒண்ணுமே சாப்பிடலையேம்மா, அப்புறம் ஏன் வாந்தி வருது?" என்று நேற்று போனில் அழுதாயே, ராத்திரி முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

டாக்டர் ரோட்டாவைரஸ் என்று சொல்லிவிட்டார் அல்லவா? 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் உடன் இருந்தவர்களும் வயிற்றுப்போக்கால் நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவில் கண்டுபிடித்த வைரஸ் அது. சிறுகுடலின் உட்சுவரில் டர்க்கி டவலின் இழைகள் போலக் குடலுறிஞ்சிகள் நிற்கும். அவற்றின் நுனியில் உள்ள முதிர்ந்த செல்களில்தான் இது புகுகிறது. உள்ளே போய் என்எஸ்பி4 என்ற புரதத்தைச் செய்கிறது. அது செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றிவிட, குடலுக்குள் நீர் கசியத் தொடங்குகிறது. குடலில் செரோடோனின் என்ற, சேதி சொல்லும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களையும் அது தூண்டிவிடும். அந்தச் சேதி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. வயிறு காலியாக இருந்தாலும் வாந்தி வருவது அதனால்தான்.

தாக்கப்பட்ட செல் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்படுத்தப் பார்க்கும். வைரஸோ, அந்த எச்சரிக்கையைக் கிளப்பும் புரதங்களையே என்எஸ்பி1 என்ற இன்னொரு புரதத்தால் சிதைத்துவிடும். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆனாலும் சில நாட்களில் ஐஜிஏ என்ற, வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் குடலுக்கு வந்து சேரும். அடுத்த முறை இதே வைரஸ் வந்தாலும் பெரும்பாலும் இவ்வளவு படுத்தாது.

இழைகளின் அடியில், பள்ளங்களில் இருக்கும் ஸ்டெம் செல்களை வைரஸ் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கிருந்து புதுச் செல்கள் மேலேறி நாலைந்து நாளில் நுனியை நிரப்பிவிடும். அதுவரை நாம் தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போகும் வழி முழுவதும் அடைபடுவதில்லை. தண்ணீரும் அவற்றோடு போகும். அதற்குத்தான் ஓஆர்எஸ். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. தாய்ப்பாலை நிறுத்தாதே.

நீ ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது, தண்ணீர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு அதிகமாகும் என்று பயந்து அரை நாள் நிறுத்தி வைத்தேன். உன் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை அது.

கண் குழிவிழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, டயப்பர் நனைந்ததும் எனக்கு ஒரு போன் போடு.

அம்மா