கேஜில் 8 கிலோ, கன்னில் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர் கம்பெனிகளில் வேலை பழகிவிட்டு, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டை ஒட்டியே சின்னப் பட்டறை போடுகிற பிள்ளைகள் நிறைய. கடன் வாங்கி, காற்றை அழுத்தி டேங்கில் அடைக்கிற கம்ப்ரசர் வாங்குகிறார்கள், அப்புறம் போல்ட் கழலவில்லை என்று, அந்தக் காற்றில் ஓடி போல்ட் கழற்றுகிற நல்ல இம்பாக்ட் கன்னைக் குறை சொல்கிறார்கள். டேங்கில் பிரஷர் காட்டுகிற கேஜில் 8 கிலோ (சதுர செ.மீ.க்கு) காட்டுகிறதே என்பார்கள். அது டேங்கில் சும்மா நிற்கிற காற்றின் கணக்கு. பெரும்பாலான டூல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 90 பி.எஸ்.ஐ., அதாவது 6 கிலோவுக்குச் சற்று மேல் கேட்கும்.

டூல் மாட்டுகிற இடத்தில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, சின்னக் கேஜ் மாட்டி, டிரிகரை அழுத்திப் பாருங்கள். டேங்க் கேஜ் அசையாமல் நிற்க, இந்த முள் மட்டும் 3 கிலோவுக்கு விழுந்தால் கோளாறு வழியில்தான்: பிரஷரைக் குறைத்து வைக்கிற ரெகுலேட்டர், ஹோஸை டூலோடு இணைக்கிற சின்ன கப்ளர், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நீலச் சுருள் ஹோஸ். உள்விட்டம் 6 மி.மீ. உள்ள ஹோஸை மாற்றி 10 மி.மீ. போட்டால், அதே அளவு காற்றுக்கு ஹோஸில் போகும் பிரஷர் இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். கம்ப்ரசரை மாற்றவே வேண்டாம்.

டேங்க் முள்ளும் சேர்ந்து இறங்கினால் காற்றின் அளவே போதவில்லை. 1 எச்.பி. கம்ப்ரசர் 90 பி.எஸ்.ஐ. பிரஷரில் நிமிடத்துக்கு 3, 4 கன அடிதான் தரும். விட்டு விட்டு அடிக்கிற இம்பாக்ட் கன்னுக்கு அதை வைத்துச் சமாளிக்கலாம், நிறுத்தாமல் ஓடித் தேய்க்கிற சாண்டருக்கும் டை கிரைண்டருக்கும் இரண்டு மூன்று மடங்கு காற்று வேண்டும்.

இதெல்லாம் தெரியாமல், டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற பிரஷர் சுவிட்சை முறுக்கி ஏற்றுகிறார்கள், மிஞ்சிய பிரஷரை வெளியே விடுகிற சேஃப்டி வால்வை அடைத்துக்கூட வைக்கிறார்கள். டேங்க் வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் பிழைக்க மாட்டார். தண்ணீருக்குப் போடுகிற பி.வி.சி. பைப்பில் காற்று விடுவதும் அதே அளவு ஆபத்து, உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். குழந்தைகள் ஓடியாடுகிற வீட்டில் இது வேண்டவே வேண்டாம், ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடுங்கள்.

கடைக்காரர்களும் எச்.பி., டேங்க் லிட்டர் மட்டும் சொல்லி விற்கக் கூடாது. பிஸ்டன் கணக்குப்படி வரும் காற்று வேறு, உண்மையில் வெளியே கிடைக்கிற காற்று வேறு, இரண்டாவது எப்போதும் குறைவு. எந்தப் பிரஷரில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று கொட்டேஷனிலேயே எழுதித் தரட்டும். சுயதொழில் பற்றி எழுதும்போது தங்கள் நாளிதழும் இந்த விவரத்தைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்