நடுமூளையை யாரும் எழுப்ப வேண்டியதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கினால் போதும், தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அந்த விளம்பரம் தவறாமல் வந்துவிடுகிறது. கண்ணைக் கட்டிக்கொண்ட சிறுமி ஒருத்தி புத்தகம் படிக்கிறாள். ‘நடுமூளையைத் தூண்டுகிறோம், படித்தது மறக்கவே மறக்காது’ என்கிறது வாசகம். கட்டணத்தை நேரில்தான் சொல்வார்களாம். போய்க் கேட்டேன். என் ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல்.

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். நரம்பு மண்டலப் பாடம் வரும்போது கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, சிதையாத ஆட்டு மூளை ஒன்றை வாங்கி வருவேன். ஃபார்மலினில் கிடந்து கெட்டிப்பட்ட பிறகு, சிறுமூளையை விரலால் மெல்லக் கீழே தள்ளிப் பிடித்தால் உள்ளே நான்கு சிறு மேடுகள் தெரியும். மேலே இரண்டு, கீழே இரண்டு. அதுதான் நடுமூளையின் முதுகுப்புறம். பத்தாம் வகுப்பில் ‘கார்ப்போரா குவாட்ரிஜெமினா’ என்று உருப்போட்டுத் தேர்வு முடிந்ததும் எல்லோரும் மறந்துவிட்ட இடம். சட்டென்று சத்தம் கேட்டால் தலை திரும்புவது, வெளிச்சம் பட்டால் கண்பாவை சுருங்குவது எல்லாம் நடுமூளையின் துணையோடு நடப்பவை. விழித்திருப்பதற்கே அது வேண்டும். நடுமூளை வேலை செய்யாத குழந்தை அந்த வகுப்புக்கு நடந்து வந்திருக்கவே முடியாது. பிறகு எதைத் தூண்டுகிறார்கள்?

புதிய நினைவு பதிவதற்கு முக்கியமான உறுப்பு வேறு. இரு காதுகளுக்கும் நேர் உள்ளே, பெருமூளையின் பக்கவாட்டு மடல்களில் பதுங்கியிருக்கும் ஹிப்போகாம்பஸ். இது தெரிய வந்த கதை கொடுமையானது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1953ஆம் ஆண்டு ஹென்றி மொலெய்சன் என்ற 27 வயது இளைஞருக்குத் தீராத வலிப்பு. வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரு பக்கமும் அந்தப் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை, சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் ஹென்றிக்கு அவர் புது ஆள்தான். சிறுவயது நினைவுகள் பல மட்டும் அப்படியே இருந்தன. அவருடைய நடுமூளையில் கத்தி படவே இல்லை என்பதை விளம்பரக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் ஓரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் ஹென்றியின் கை தேறிவிட்டது. அதற்கு முன் வரைந்ததாக மட்டும் அவருக்கு நினைவே இல்லை. நடந்ததை நினைப்பது ஒன்று, கை பழகுவது வேறொன்று. இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு வழிகள். ஒரே பொத்தானை அழுத்தி ‘ஞாபகசக்தி’ முழுவதையும் கூட்டிவிடலாம் என்பது எந்த ஊர் விஞ்ஞானம்?

திருமண மண்டபத்தில் நடந்த செயல்விளக்கத்துக்கும் போயிருந்தேன். கண்ணைக் கட்டிய பையன் முகவாயைத் தூக்கிக்கொண்டு, மார்புக்கு நேரே பிடித்த அட்டையைக் கடகடவென்று படித்தான். மூக்கோரம் துணி படியாமல் இடைவெளி விட்டிருந்தது முன்வரிசையில் இருந்த எனக்கு நன்றாகவே தெரிந்தது. அட்டையை அவன் நெற்றிக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் மூளை அலை கலைந்துவிடுமாம்! பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். தான் எட்டிப் பார்ப்பது அவனுக்குத் தெரியும். கைதட்டிய பெற்றோருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

படித்தது நிற்க வேண்டுமானால் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தானே சொல்லிப் பார்க்க வேண்டும். இரவு நன்றாகத் தூங்க வேண்டும்; பகலில் கற்றது மூளையில் நிலைப்படுவதற்குத் தூக்கம் மிகவும் துணை. விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையை உலுக்கி எழுப்பும் வீடுகள், இரவு எத்தனை மணிக்குப் படுக்க விடுகின்றன என்றும் பார்க்கட்டும்.

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பொதுத்தேர்வு வினா-விடைக்குப் பக்கத்தில் இதைப் போடுவதால் பெற்றோர் அதையும் பாடமென்றே நம்புகிறார்கள். விளம்பரத்தை அடியோடு நிறுத்த மனமில்லையென்றால், ராசிபலனுக்குக் கீழே இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி.