உபதேசம் மாநிலங்களுக்கு, ரொக்கம் தேர்தலுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத் தலைவிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் பணம் தரும் மகளிர் உரிமைத் தொகை போன்ற திட்டங்கள் மாநிலத்தின் நிதிநிலையைச் சீரழிக்கின்றன என்று வாதிடும் கடிதங்கள் தங்கள் இதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. அப்படி வாதிட எவருக்கும் உரிமை உண்டு. வரி வாங்கும் அரசு அதில் ஒரு பகுதியை நலிந்தவர்களின் கையில் நேரடியாகக் கொடுப்பது கடமை என்று நம்புகிற தாராளவாதி நான். அரசு ஒதுங்கி நிற்க வேண்டும், அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே நம்புகிற பழமைவாதியுடன் பொழுதெல்லாம் வாதிட எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கொள்கையை மேடையில் முழங்கிவிட்டு, தேர்தல் நெருங்கியதும் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறவர்களிடம் எதை வைத்து வாதிடுவது?

2022 ஜூலை 16 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஜாலோன் மாவட்டத்தில் புந்தேல்கண்ட் விரைவுச் சாலையைத் திறந்துவைத்த பிரதமர் நரேந்திர மோடி, இலவசங்களைக் கொடுத்து வாக்கு வாங்கும் ‘ரேவ்டி கலாச்சாரம்’ (ரேவ்டி என்பது வட இந்தியாவின் எள் மிட்டாய்) நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்தானது என்று எச்சரித்தார். தேர்தல் இலவச அறிவிப்புகளுக்கு எதிராக பாஜகவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கு, அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த மாதங்களில் தொலைக்காட்சி விவாதங்களில் அதிகம் அடிபட்ட பெயர்களுள் ஒன்று தமிழ்நாடு.

ஓராண்டு கூடக் கடக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பாஜக முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் 2023 மார்ச்சில் ‘லாட்லி பெஹ்னா’ திட்டத்தைத் தொடங்கினார். ஜூன் மாதத்திலிருந்து பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது, நவம்பரில் வாக்குப்பதிவு நடப்பதற்கு முன்பே அது 1,250 ஆக உயர்ந்தது. அந்தத் தேர்தலில் 230 இடங்களில் 163-ஐ அக்கட்சி வென்றது. கர்நாடகத்தில் காங்கிரஸ் ‘கேரண்டி’ என்ற பெயரில் அளித்த வாக்குறுதிகளால் மாநிலம் திவாலாகிவிடும் என்று பேசிய பாஜகவினர், அதே ஆண்டு ‘மோடியின் கேரண்டி’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 80 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவச உணவு தானியம் இன்னும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்படும் என்பதைப் பிரதமர் முதலில் சொன்ன இடம் நாடாளுமன்றம் அல்ல. 2023 நவம்பர் 4 அன்று சத்தீஸ்கரின் துர்க் நகரில் நடந்த தேர்தல் பிரசாரக் கூட்டம். அமைச்சரவை ஒப்புதல் அந்த மாத இறுதியில்தான் கிடைத்தது. பிறகு பெண்களுக்கென்று, பாஜக கூட்டணி ஆண்ட மகாராஷ்டிரத்தில் மாதம் 1,500 ரூபாய், பாஜக வென்ற ஒடிசாவில் ஆண்டுக்கு 10,000 ரூபாய், டெல்லியில் மாதம் 2,500 ரூபாய் தருவதாக வாக்குறுதி. ஆம் ஆத்மி அரசின் இலவச மின்சாரத்தையும் இலவசப் பேருந்தையும் ஆண்டுக்கணக்கில் சாடியவர்கள், எந்த நலத்திட்டத்தையும் நிறுத்த மாட்டோம் என்று 2025-இல் அதே டெல்லி வாக்காளர்களுக்கு உறுதியளித்தார்கள். பீகாரில் 2025 செப்டம்பர் 26 அன்று 75 லட்சம் பெண்களின் கணக்கில் தலைக்கு 10,000 ரூபாய் செலுத்தும் நிகழ்ச்சியைப் பிரதமரே தொடங்கிவைத்தார். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது அக்டோபர் 6-இல்.

இந்தத் திட்டங்களில் ஒன்றைக்கூட நான் குறை சொல்லவில்லை. போபாலிலும் பாட்னாவிலும் அந்தப் பணத்தால் ஒரு பெண்ணுக்கு மாத்திரையோ பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமோ கிடைத்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. அங்கே பெண்ணின் சுயமரியாதைக்கு உதவும் பணம், இங்கே அவளைச் சோம்பேறியாக்கும் பணமாக எப்படி மாறுகிறது என்பதே என் கேள்வி.

நான் காவிரி டெல்டாவில் ஒரு வங்கிக் கிளையில் பணியாற்றுகிறேன். மாதத்தின் நடுப்பகுதியில் எங்கள் கவுண்ட்டரில் பெண்களின் கூட்டம் கூடும். “ஆயிரம் ஏறிடுச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டே பாஸ்புக்கை நீட்டுவார்கள். பலர் முழுத் தொகையையும் எடுப்பதில்லை. மகளிர் குழுத் தவணைக்கென்று பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பவர்கள் உண்டு, நகைக்கடன் வட்டியில் அப்படியே கட்டிவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களும் உண்டு. அதே கவுண்ட்டருக்கு அவர்களுடைய கணவர்மார் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ‘கிசான் பணம்’ 2,000 ரூபாய் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். விவசாயிகளுக்கான ஒன்றிய அரசின் அந்தத் திட்டம் (பி.எம். கிசான்) 2019 பிப்ரவரி 24 அன்று, மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு தொடங்கப்பட்டது. 2018 டிசம்பரிலிருந்தே முன்தேதியிட்டு அமலானது என்பதால் முதல் தவணை தேர்தலுக்கு முன்பே கைக்கு வந்தது. அதை வாங்கிய விவசாயியை யாரும் இழிவாகப் பேசவில்லை. பேசவும் கூடாது. அவர் வீட்டுப் பெண் வாங்கும் 1,000 ரூபாய்க்கு மட்டும் ஏன் இத்தனை ஏச்சு?

2024 மார்ச்சில் தமிழக பாஜகவின் குஷ்பு, தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் 1,000 ரூபாயைப் ‘பிச்சை’ என்ற சொல்லால் குறிப்பிட்டார். அப்போது அவர் தேசிய மகளிர் ஆணையத்தின் உறுப்பினர். எதிர்ப்பு எழுந்த பிறகு அவர் விளக்கம் கொடுத்தது உண்மை. ஆனால் அதே மார்ச் மாதம் 10-ஆம் தேதி, பாஜக ஆளும் சத்தீஸ்கரில் திருமணமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘மஹ்தாரி வந்தன்’ திட்டத்தைப் பிரதமர் காணொலி வழியாகத் தொடங்கிவைத்திருந்தார். தொகை ஒன்றே, மாதமும் ஒன்றே. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நியாயம்தான் இது. என் கவுண்ட்டரில் வரிசையில் நிற்கும் பெண்களை நினைக்கும்போது, அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

நிதி ஒழுங்கு பற்றிய அக்கறைதான் காரணம் என்றால், அந்த அக்கறை 2019 செப்டம்பர் 20 அன்று எங்கே போயிருந்தது? நிறுவன வரியின் அடிப்படை விகிதம் அன்று 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாயை அரசு இழக்கும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். மகளிர் உரிமைத் தொகைக்குத் தமிழ்நாடு 2025-26-இல் ஒதுக்கியது சுமார் 13,800 கோடி. வரிக்குறைப்பால் இழப்பதோ அதைப்போலப் பத்து மடங்கு. வரிக்குறைப்பால் முதலீடு பெருகும் என்பது ஒரு வாதம், அதை விவாதிக்கலாம். ஏழைப் பெண் செலவழிக்கும் பணமும் உள்ளூர் மளிகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும்தான் போகிறது என்ற வாதத்துக்கும் அதே அளவு காது கொடுக்க வேண்டாமா?

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கென்று வாக்குறுதி தந்த திமுக, ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காக்கவைத்து, 2023 செப்டம்பர் 15-இல் வருமானம், நிலம், மின் பயன்பாடு என்று நிபந்தனைகளோடு திட்டத்தைத் தொடங்கியது. விடுபட்ட பெண்களின் கோபம் நியாயமானது; அந்தக் கோபத்தையும் நான் தினமும் கவுண்ட்டரில் கேட்கிறேன். வளரும் கடனுக்கும் மாநில அரசு பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தான் செய்வதையே பிறர் செய்தால் பாவம் என்று திமுக பேசவில்லை.

தங்கள் செய்தியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இலவசங்களை எதிர்த்துப் பேசும் தலைவர்கள் தமிழ்நாட்டுக்கு வரும்போது, மத்தியப் பிரதேசத்தில் 2023 தேர்தலுக்கு முன் தந்த 1,250 ரூபாயும் மகாராஷ்டிரத்தின் 1,500 ரூபாயும் பீகாரின் 10,000 ரூபாயும் ரேவ்டிதானா என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைச் சொன்னபடியே அச்சிடுங்கள். பதில் சொல்லாமல் நகர்ந்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கும்பகோணம்