சமணமலைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணமலைக்குக் காலைநடையாக அழைத்துச் செல்லவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. நான் வேண்டுவது ஒன்றே ஒன்றுதான்: உச்சிக்கு அவசரப்படாமல், பாதிவழியில் சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளத்தில் பிள்ளைகளை நெடுநேரம் உட்கார வையுங்கள்.

கூட்டமாக ஏறும்போது, யார் முதலில் மேலே போவது என்ற போட்டி தானாகவே வந்துவிடுகிறது. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். அடிவாரத்து அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் கடந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், சுனையை ஒட்டிய பாறைச்சுவரில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. சமணர் வணங்கும் பாகுபலியையும், தலைக்குமேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதரையும் பிள்ளைகள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் தானாகப் படாதவை, சிற்பங்களோடு வெட்டப்பட்டிருக்கும், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறையில் அமைந்த வரிகள். அவற்றுள் ஒன்று, 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி' என்கிறது. ஆனைமலை, ஐவர்மலை, உத்தமபாளையம் எனப் பல இடங்களில் திருமேனிகள் செய்வித்த சமணத் துறவி அச்சணந்தி. பெற்றவளையும் வீட்டையும் விட்டுப் போன ஒருவருடைய தாய், அவர் பெயரைச் சொல்லியே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரு திருமேனி செய்து வைத்திருக்கிறார். பாடநூலில் மன்னர்களையே படித்த பிள்ளைகளுக்கு, ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஒரு வரி போதுமான வரலாறு என்பது என் எண்ணம்.

ஆகவே, புறப்படும் வாரத்தில் வகுப்பிலேயே கரும்பலகையில் வட்டெழுத்து சிலவற்றை எழுதிக் காட்டுங்கள். 'குணமதியார்' என்ற பெயருக்கு வேண்டிய எழுத்துகள் மட்டும் தெரிந்தாலே போதும். பாறையில் அந்தப் பெயரை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். காலைவெயில் சாய்வாக விழும்போது பாறையில் வெட்டிய எழுத்துகள் தெளிவாகத் தெரியும். வரிகளின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்துப் படிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கல்வெட்டைக் கெடுக்கும், அதை அனுமதிக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் தெம்பிருந்தால் மேலே செல்லலாம். பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் அரசி வானவன்மாதேவியின் பெயரால் 9ஆம் நூற்றாண்டில் எடுப்பித்ததாகக் கருதப்படும் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் அங்கே எஞ்சியிருக்கிறது. பாறையில் கன்னடக் கல்வெட்டும் உண்டு; வடக்கேயிருந்து துறவியர் இங்கு வந்து போயினர் என்பதற்கு அதுவே சான்று. மேலே நிழல் கிடையாது என்பதால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது நல்லது.

செட்டிப்புடவை அன்றைக்கே சேர்க்க வேண்டாம். அது மலையின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அங்கே குகைக்குள், சிங்கத்தின்மேல் அமர்ந்து யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் சிற்பத்தைப் பார்க்கவே தனியாக ஒரு காலைப்பொழுது வேண்டும். எந்த ஞாயிறு என்று முடிவானதும் தெரிவியுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பள்ளியின் பழைய மாணவன்