‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் ஏ.ஏ. கூட்டங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மது மீட்புச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் ‘ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பெரும்பாலும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும் அந்த முதல் வாரங்களில்தான் மீண்டும் கடைப் பக்கம் போகும் ஆபத்து அதிகம். உபன்யாசத்துக்கும் ரத்ததான முகாமுக்கும் இடம் தரும் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இந்தக் கூட்டங்களுக்கும் இரண்டு வரி தாருங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. கட்டணமோ வருகைப் பதிவேடோ கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வாடகைக்கும் டீச் செலவுக்கும் உறுப்பினர்களே இயன்றதைப் போடுகிறார்கள். வெளியார் பணம் வாங்குவதில்லை. ஆகவே ஏ.ஏ. பெயரைச் சொல்லி முன்பணம் கேட்பவரையும், வேன் அனுப்பி ஆளைத் தூக்கிவருகிறோம் என்பவரையும் நம்பாதீர்கள்.

காலையில் கை நடுங்கி, ஒரு ‘கட்டிங்’ போட்டால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர் முதலில் போகவேண்டியது மருத்துவமனைக்கு. நீண்டநாள் குடியைத் திடீரென நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் ஆள் குழம்பி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரியலாம். இது உயிரையே பறிக்கக்கூடியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பார்ப்பார்கள். வீட்டில் வெறும் மனஉறுதியை நம்பி நிறுத்தவைக்கக் கூடாது.

இனித் தேடும் வழி. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை. ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தைப் பார்த்தும் ஊர்க்குழுக்களைத் தேடலாம். குழுவின் தொடர்பு எண்ணை வைத்திருப்பவர் பகலில் வேலைக்குப் போகிறவராக இருப்பார். எடுக்கவில்லை என்றால் மாலையில் மறுபடி கூப்பிட வேண்டும். கிழமை, நேரம் மட்டும் கேட்டால் போதாது. தமிழில் நடக்கிறதா, எந்த வாசல், எந்த மாடி, குடும்பத்தார் வரலாமா, புதிதாக வருகிறவரை உள்ளே அழைத்துப்போக வாசலில் ஒருவர் நிற்க முடியுமா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே போகக் கூசித் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதால் பெரிய பலகையும் இருக்காது. பள்ளி விடுமுறை, திருவிழா, தேர்தல் சமயங்களில் இடம் மாறலாம். போகும் நாள் காலையில் ஒருமுறை உறுதி செய்துகொள்வது நல்லது.

பல கூட்டங்கள் தேவாலய வளாகத்து அறைகளில் நடப்பதால் ‘மதம் மாற்றுவார்களோ’ என்று சில குடும்பங்கள் தயங்குகின்றன. இடம் மட்டும்தான் தேவாலயத்துடையது; ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல.

‘மூடிய’ கூட்டத்துக்குக் குடியை நிறுத்த விரும்புகிறவர் மட்டுமே போகலாம். ‘திறந்த’ கூட்டத்துக்கு மனைவி, மகன், யாரும் வரலாம். கூட்டம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. பேச விருப்பமில்லாவிட்டால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். முதல்நாளே இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்களை வாங்கிக்கொள்வது அவசியம். கூட்டம் எட்டரை மணிக்கு முடிந்தால், டாஸ்மாக் கடை இரவு 10 மணிவரை திறந்திருக்கிறது. பஸ் ஸ்டாப்வரை உடன்வர ஒரு பழைய உறுப்பினரைக் கேட்டால் தட்டமாட்டார். சம்பள நாளன்று இந்தத் துணை கட்டாயம் வேண்டும்.

ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகட்டும். ஒரே கூட்டத்தோடு முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்தில் எதுவும் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஜூம் வழிக் கூட்டங்கள் இருக்கின்றன. ‘மாத்திரையை நிறுத்திவிடு’ என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் கேட்கக் கூடாது. உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.யின் நிலைப்பாடே.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. குடிப்பவர் ஏ.ஏ.வுக்கு வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிரம் மாத்திரையைச் சாம்பாரில் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் கொடுமை இன்னும் நடக்கிறது. அதன்மேல் மது பட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்; மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த ஆபத்து உண்டு.

வெளியிடும்போது கிழமை, நேரம், மொழி, வாசல், திறந்ததா மூடியதா என்ற ஐந்தும் இருக்கட்டும். குழுவினரிடம் கேட்டு மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். உறுப்பினர் பெயரோ புகைப்படமோ எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மது மீட்புப் பணியில் உள்ள சமூகப் பணியாளர்கள்,
திருச்சி.